உண்டு உறைவிட வரி

இந்த அமெரிக்க ஊரில் நான் சாப்பிடுகிற சாப்பாடு படிப்பில் சேராது. பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் தினமும் அட்டையைக் காட்டித் தட்டெடுக்கிறேன், எல்லாம் உதவித்தொகையில்தான். அந்தத் தட்டு எனக்கு வருமானமாம். இது தெரியாமல், வரிப் படிவத்தில் கல்விக் கட்டணம், புத்தகம், அறை வாடகை, சாப்பாடு அத்தனையையும் படிப்புச் செலவு என்றே எழுதிக்கொண்டு போனேன். மாணவர்களுக்கு வரி விளக்கும் அலுவலகத்தில் ஒரு பெண்மணி கடைசி இரண்டையும் பென்சிலால் அடித்தார்.

"கட்டணத்துக்கும் பாடப் புத்தகத்துக்கும் வரி கிடையாது. அறையும் சாப்பாடும் வருமானம்" என்றார்.

"பட்டினி கிடந்து எப்படிப் படிப்பது?" என்று கேட்டேன். எனக்குச் சாப்பாட்டுக்கே வழியில்லை என்று நினைத்துவிட்டார் போலும், இலவசமாக உணவுப்பொருள் தரும் இடத்தின் முகவரியை எழுதி நீட்டினார். அதற்கும் வரி உண்டா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது.

என் தப்புக்குக் காரணம் இருக்கிறது. கொல்லிமலையில் நான் படித்தது அரசு உண்டு உறைவிடப் பள்ளி. பேரிலேயே சோறு முதலில், படுக்க இடம் அடுத்து, பள்ளி அப்புறம்தான். எங்கள் மலையூர்கள் சேர்ந்த அரியூர் நாட்டில் மரவள்ளி பிடுங்கப் போயிருக்க வேண்டியவளை வகுப்பில் உட்காரவைத்தது அந்தச் சோறு. கணக்கு வாத்தியார் வராத நாட்களிலும் பள்ளி நடந்தது. சமையலம்மா வராத அன்று பாதிப் பேர் வீட்டுக்கு நடையைக் கட்டினோம்.

இந்திய மாணவர்களுக்கென்று இரு நாட்டு வரி ஒப்பந்தத்தில் உள்ள கழிவு போக, மிச்சத்துக்கு வரி கட்டியாக வேண்டும். என்னிடம் இருந்ததோ, மூன்று வருடமாகப் போகாத ஊருக்கு இந்த மாரியம்மன் நோம்பிக்குப் போகச் சேர்த்திருந்த விமானக் காசு மட்டும்தான். கட்டினேன். ஊர்ப் பயணம் இல்லையென்று ஆனது. அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"தின்ன சோத்துக்குமா வரி?"

"ஆமாப்பா. அத வருமானம்னு சொல்றாங்க."

"அப்ப நீ சம்பாதிக்கிறவ ஆயிட்ட கண்ணு" என்றார்.

எங்கள் ஊரில் திருவிழாச் செலவுக்குப் பிரிக்கும் நோம்பி வரி சம்பாதிக்கிறவர்களுக்குத்தான். படிக்கிற பிள்ளைகளைக் கேட்க மாட்டார்கள். அப்படியில்லை என்று நான் விளக்குவதற்குள் சிக்னல் போய்விட்டது. மலையில் அது வழக்கம்தான்.

நோம்பியன்று அப்பா வீடியோவில் கூப்பிட்டார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"உன் பேருல தனியா வரி கட்டிட்டேன் சாமி. இப்பக் கூப்புடுவாங்க, கேளு."

போனைக் கோயில் பக்கம் திருப்பினார். வரி கட்டியவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி அழைத்துப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் என் பேர் வந்தது. பஸ்ஸுக்காக வரிசையில் நின்றிருந்த நான், என்னையறியாமல் "இருக்கேனுங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். போனுக்குள் என் பொங்கலை வாங்க அப்பாவின் கை நீண்டது.