பலகாரம் இல்லாத விடுமுறை

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் நான் பராமரிப்புப் பொறியாளராக இருந்தபோது, ஸ்பின்னிங் பிரிவில் ஓர் அக்கா வேலை பார்த்தார். நெடிய உருவம். புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். ஷிப்ட் முடிந்ததும் வாசலில் நின்று, சின்னச் சீப்பால் அத்தனை பஞ்சையும் வாரி எடுத்துவிட்டுத்தான் செட்டியார்பட்டி பஸ்ஸில் ஏறுவார்.

மில் நிற்கும் நாளில்தான் இயந்திரங்களைக் கழற்றித் துடைக்க முடியும். அதனால் சுதந்திர தினம் எனக்கு ஒரு வேலைப் பட்டியல், அவ்வளவுதான். அன்று வேலைக்கு வந்தால் இரட்டைச் சம்பளம் என்றதும் எல்லோரும் பெயர் கொடுத்தார்கள். அந்த அக்கா மட்டும் மறுத்தார்.

“என்னக்கா, கோட்டையில போயி கொடியேத்தப் போறியளோ?” என்றார் சூப்பர்வைசர். “வரலைன்னா அடுத்த மாசம் பூரா நைட் ஷிப்ட்தான்.”

“போட்டுக்கோங்க” என்றவர் என் பக்கம் திரும்பினார். “மேடம், தீவாளின்னா முறுக்கு சுடணும். பொங்கல்னா வீடு பூரா வெள்ளையடிக்கணும். இந்தா, மேரி வீட்டுல கிறிஸ்மஸ்னாலும் அவதான் அடுப்புல நிக்கா. ஆகஸ்ட் பதினஞ்சுக்குத்தான் பலகாரமே கிடையாது. அதப் போயி விட்டுக் குடுக்கச் சொல்றியளே!”

பக்கத்தில் நின்ற மேரி விழுந்து விழுந்து சிரித்தார். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை.

சொன்னபடியே நைட் ஷிப்ட் போட்டார்கள். முதல் நாள் வேலைக்கு வந்தவரிடம், அந்த விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

“மத்தியானம் வரைக்கும் தூங்கினேன். பொறவு வீட்டுக்காரர் வாங்கியாந்த புரோட்டாவத் தின்னுட்டு மறுபடியும் தூங்கினேன்” என்றார், பரிசு வாங்கி வந்தவரைப் போல.

கொடியேற்றும் மைதானங்களில் நான் பலமுறை நின்றிருக்கிறேன். அந்த நாளை அவ்வளவு முழுதாகக் கொண்டாடிய இன்னொருவரை எனக்குத் தெரியாது.