சப்போட்டா மரத்தில் அப்பாவின் சட்டை

நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சந்துக் கோடியில் இருந்த இரும்புக் கதவைத் திறந்ததுமே சோறு வடிக்கிற வாசனை வரும். நல்ல பச்சரிசிச் சோறு, கஞ்சி வடித்துப் பானையை நிமிர்த்திய கையோடு எழும்புகிற அந்த ஆவி வாசனை. அம்மா இன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டாள் என்று, முதுகில் பை குதிக்க ஓடுவேன். கதவில் பூட்டு தொங்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கிடக்கும் சாவியை எடுத்துத் திறந்து உள்ளே போனால், காலையில் துடைத்து வைத்த அடுப்பு அப்படியே ஜில்லென்று இருக்கும். இப்படி முழுசாக ஒரு வாரம் ஏமாந்தேன். பத்து வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு மடத்தனம் ஆகாதுதான். ஆனாலும் எட்டாவது நாளும் ஓடினேன்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் இருந்த பழைய ஓட்டு வீடு ஒன்றின் பின் 'போர்ஷன்' எங்களுடையது. முன்கட்டில் வீட்டுக்கார மாமி இருந்தார். வாசனையைப் பற்றி அவரிடம் கேட்டதும், முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அசடே, யாரும் சாதம் வடிக்கலை. ஓட்டுக்கும் மச்சுக்கும் நடுவுல மரநாய் குடியிருக்கு. அது ஒண்ணுக்குப் போனா அப்படித்தான் வாசனை வரும். எங்காத்துலயும் வந்துண்டுதான் இருக்கு."

ஆக, ஒரு வாரமாக அம்மா என்று நினைத்து நான் ஓடிவந்தது ஒரு மிருகத்தின் மூத்திரத்துக்கு! எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. அன்று பொழுது சாய்கிற நேரத்தில் மதில்மேல் அதைப் பார்த்தேன். பெயரில்தான் நாய், ஆள் பூனையைவிட நீளம். மூஞ்சி கறுப்பு, வால் உடம்பளவுக்கு இருந்தது. என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, எனக்கும் உனக்கும் என்ன என்பதுபோல் கிணற்றடிப் பக்கம் இறங்கிப் போயிற்று. அங்கேதான் எங்கள் சப்போட்டா மரம் நின்றது.

அதை மரம் என்பதுகூட அதிகம், என்னைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். அப்பா மஸ்கட்டுக்கு விமானம் ஏறுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அடையாறில் ஒரு நர்சரியிலிருந்து சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்து நட்ட ஒட்டுச் செடி அது. "நான் லீவுல வர்றதுக்குள்ள காய்ச்சிடும் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம்தான் லீவு. அந்த வருஷம் மே மாதம் வருவதாக இருந்தது. செடியும் சொன்ன சொல் தவறாமல் ஒன்பது காய் காய்த்தது. எங்களுக்குப் போன் கிடையாது. வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் ஏழு மணிக்கு மாமி வீட்டு 'பி.பி.' நம்பருக்கு அப்பாவின் போன் வரும். நான் காய் விஷயத்தைக் கத்திச் சொன்னதும் அப்பா, "யாரும் பறிக்கக் கூடாது, நானே வந்து என் கையால பறிக்கிறேன்" என்றார்.

பெரியவர்கள் போனில் எதையாவது சொல்லிவிடுகிறார்கள். சப்போட்டாவை மரத்தில் பழுக்க விடுவார்களா யாராவது? தோலை நகத்தால் சுரண்டிப் பார்த்து, பறித்து, அரிசி டின்னில் புதைத்தால் நாலு நாளில் பழம். சென்னையில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். ஆனால் அப்பா சொல்லிவிட்டாரே. அந்த ஒன்பதும் அவர் வரும்வரை மரத்தில் இருந்தால்தான் அவர் வருவார், ஒன்று குறைந்தாலும் ஏதோ கெடுதல் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆளும் இல்லை. அம்மா நந்தனத்து ஆபீஸிலிருந்து பஸ் பிடித்து வர ஆறரை ஆகும். வந்ததும் சமையல், அதோடு அவளுடைய பேச்சு முடிந்துவிடும். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் பேச்சே குறைந்துபோனது.

முதல் காய் இலேசாக நிறம் மாறிய மறுநாள் காலையில் அதன் காம்பு மட்டும் இருந்தது. கறுப்புக் கொட்டைகள் கிணற்றுச் சுவரின்மேல் பளபளவென்று கிடந்தன. நான் சும்மா இருக்கவில்லை. மாமி சொல்லி அடித்தண்டைச் சுற்றி முள் கட்டினேன். பால் பவுடர் டப்பாவில் கல்லைப் போட்டுக் கிளையில் தொங்கவிட்டேன். பீரோவிலிருந்த 'அந்துருண்டை'களைத் திருடித் துணியில் முடிந்து கட்டினேன். மரநாய்க்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? கடைசியில் மிச்சக் காய்களுக்கெல்லாம் என் வெள்ளை சாக்ஸை மாட்டினேன். சாக்ஸோடு சேர்த்துத் தின்றுவிட்டுப் போனது. "ஸ்கூலுக்கு ஒத்தக் கால்லதான் சாக்ஸ் போட்டுட்டுப் போவியா?" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். ஐந்து காய்தான் பாக்கி.

தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவரை நாங்கள் எல்லோரும் 'நைனா' என்போம். பெட்டியை வைத்ததும் துணியிலிருந்து வாடை எழும்புமாம், கண்ணை மூடிக்கொண்டே அது எந்த வீட்டுத் துணி என்று சொல்லிவிடுவாராம். அதில் அவருக்குப் பெருமை அதிகம்.

"இன்னா பாப்பா, மூஞ்சி தொங்கிக்கினு கீது?" என்றார். சொன்னேன். கரியை விசிறிக்கொண்டே யோசித்தார். "உங்க வூட்ல ஆம்பள இல்லன்றது அதுக்குத் தெரிஞ்சிபோச்சி. அதுக்கு ஆம்பள வாடை ஆவாது. உங்கப்பா துணி ஒண்ணு மரத்துல மாட்டி வுடு. தோய்ச்ச துணி வேலைக்காவாது, ஆமா. போட்டுக் கழட்டுன துணியா பாரு."

இரண்டு வருஷமாக ஊரில் இல்லாதவரின் அழுக்குத் துணிக்கு நான் எங்கே போவேன்? பீரோவில் அப்பாவின் சட்டைகள் எல்லாம் தோய்த்து, பெட்டி போட்டு, அடுக்கடுக்காக இருந்தன. ஆனால் அம்மாவின் பட்டுப் புடவைகளுக்குப் பின்னால், தி. நகர் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர் ஒன்று ரப்பர் பாண்ட் போட்டு இருந்தது. பிரித்தால் ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டை. கசங்கி, காலரில் அழுக்கு வரியோடு! அம்மா தோய்க்க மறந்துபோய் வைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெயும் வியர்வையும் கலந்த ஒரு பழைய வாடை. அப்பாவின் வாடை அது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. அழுக்குச் சட்டை என்று மட்டும்தான் தெரிந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

துடைப்பக் கட்டையைக் குறுக்கே கட்டிச் சட்டையை மாட்டினேன். காலையில் இருட்டோடு எழுந்து வாசல் குழாய், சமையல், பஸ் என்று ஓடுகிற அம்மா வார நாளில் கிணற்றடிப் பக்கமே வரமாட்டாள். மூன்று நாள் ஒரு காய்கூடக் குறையவில்லை. நான் சாயங்காலம் சட்டையின் எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன், வாய்ப்பாடு ஒப்பித்தேன். அது பாட்டுக்குக் காற்றில் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. அந்த மூன்று நாளும் எனக்கு வீட்டில் ஆள் இருந்தது.

நாலாம் நாள் காலையில் சட்டை தரையில் கிடந்தது. மேலே சப்போட்டாச் சதை அப்பியிருந்தது. இரண்டு காய் போயிருந்தது. எடுத்து முகர்ந்தேன், சுடுசோற்று வாசனை! அந்தப் பீடை அதன்மேலேயே ஒண்ணுக்குப் போய்விட்டிருந்தது. அம்மா பார்த்தால் தோலை உரித்துவிடுவாள் என்று பயந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சோப்பு போட்டுக் கும்மு கும்மென்று கும்மினேன். காலரைப் பிரஷ்ஷால் தேய்த்தேன், நீலம் போட்டேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. காய்ந்ததை நைனாவிடம் கொடுத்தேன். பெட்டியை வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இப்ப யார் வூட்டுதுன்னே தெரியல பாப்பா, அம்மாம் சுத்தம்!" என்று மெச்சினார். மடிப்புக் கலையாமல் கவரில் போட்டு, ரப்பர் பாண்டையும் மாட்டி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

அன்று ஏழு மணிக்குப் போன் வந்தது. அம்மா முதலில் பேசினாள். "சரிங்க... பரவால்லைங்க... அவங்க விடலன்னா நீங்க என்ன பண்ணுவீங்க... உடம்பப் பாத்துக்குங்க." மாமி எங்களைப் பார்க்காமல் பூ தொடுத்துக்கொண்டிருந்தார். என் கைக்குப் போன் வந்தபோது அப்பா, "பழம் இருக்கா பாப்பா?" என்றார். மூன்று இருக்கிறது என்றேன். "அடுத்த வருஷம் நிறையக் காய்க்கும்" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராக உள்ளறைக்குப் போய் பீரோவைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை போன் பேசி வந்தால் அவள் அப்படித்தான் செய்வாள். பீரோவின் கதவுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நிற்பாள், புடவைகளைச் சரி பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அன்று கவர் சரசரப்பது கேட்டது. வெளியே வந்தபோது சட்டை அவள் கையில் இருந்தது.

"நீ தோய்ச்சியா?"

"ஆமாம்மா, ஒரே அழுக்கா இருந்துச்சு." அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன்.

அம்மா சட்டையை மறுபடியும் முகத்தருகே கொண்டுபோனாள். காலர், கைமடிப்பு, அக்குள் என்று ஒவ்வோர் இடமாகத் தேடினாள். பிறகு, "நல்லாத்தான் தோய்ச்சிருக்கே" என்று சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு பேரும் தனித்தனியாக அப்பாவுக்குக் காவல் இருந்திருக்கிறோம் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அவள் மடியில் போய் விழுந்தேன்.

மறுநாள் அம்மாவே போய் மூன்று காயையும் பறித்தாள். அரிசி டின்னில் போட்டு, பழுத்ததும் ஆளுக்கு ஒன்று தின்றோம். மூன்றாவதைக் கிணற்றுச் சுவரின்மேல் வைத்தாள். "ஏம்மா?" என்றேன். "அதுவாவது நம்ம வீட்டோட இருக்குதே" என்றாள்.

அந்த ஓட்டு வீடு இப்போது ஐந்து மாடிக் குடியிருப்பு. கிணறு, சப்போட்டா, மாமி, நைனாவின் வண்டி, எதுவும் இல்லை. மரநாய்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து ஃபிளாட்டில் பகலில் யாராவது பாசுமதி வடித்தால் என் கை தன்னால் கழுத்துக் கயிற்றைத் தேடுகிறது.

அப்பா மஸ்கட்டை முடித்துக்கொண்டு வந்து, எங்களோடு பல வருஷம் இருந்து, மூன்று வருஷத்துக்கு முன் காலமானார். காரியமெல்லாம் முடிந்து அவர் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, கொடியில் அவர் கடைசியாகக் கழற்றிப் போட்டிருந்த சட்டையை மட்டும் உருவி, கவரில் போட்டு, ரப்பர் பாண்ட் மாட்டி, அம்மாவின் பீரோவில் புடவைகளுக்குப் பின்னால் வைத்தேன். கட்டிலில் படுத்திருந்த அம்மா தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"தோய்க்கலையே?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன்.