ஐந்து பெட்டியிலும் அம்மாவின் குரல்

வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் போர்வை கொண்டுவருவார்கள், பால்மா கொண்டுவருவார்கள். என் அம்மா முதல் தடவை திரும்பியபோது ஒரு ஹோம் தியேட்டரைக் கொண்டுவந்தாள். வேலை செய்த வீட்டுக்காரர்கள் புதிது வாங்கியதும் பழையதை அவளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அது மஸ்கெலியாவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராவுக்கு, எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு, வந்து சேர்ந்தது.

கறுப்பாக இரண்டு பெட்டிகள். ஒன்று புரொசெசர், மற்றது அம்ப்ளிபயர். 'இது சத்தத்தைப் பிரிச்சுக் குடுக்கும், அது சத்தத்துக்குப் பலம் குடுக்கும்' என்று மாமா விளக்கினார். மாமா அம்மாவின் தம்பி. டவுனில் போன் திருத்தும் கடையில் வேலை. அவர்தான் கூட வந்த ஐந்து ஸ்பீக்கர் பெட்டிகளையும் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். எங்கள் காம்பராவில் எங்கே உட்கார்ந்தாலும் ஏதாவது ஒரு ஸ்பீக்கர் தலையில் இடிக்கும்.

விடுமுறை முடிந்து அம்மா வேறொரு வீட்டு வேலைக்குத் திரும்பிப் போனாள். செட் எங்களோடு இருந்தது. அதோடு வாழப் பழகிக்கொண்டோம். அது ஓடும்போது கேத்தல் போட்டால் கரண்ட் போய்விடும். ஆகவே படம் பார்ப்பதென்றால் முதலில் தேத்தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். பனிமூட்டம் இறங்கும் மாதங்களில் ஈரம் ஏறி, அம்ப்ளிபயர் ஒரு கிழவரைப் போல இருமிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். சூடேறிய பிறகு அதன் முதுகில் என் பாடசாலைக் காலுறைகளைக் காய வைப்பேன். அப்பா கண்டால் ஏசுவார். படத்தில் மழை பெய்கிறதா, எங்கள் தகரக் கூரையில் பெய்கிறதா என்று தெரியாமல், பக்கத்துக் காம்பரா அத்தை பலமுறை கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடியிருக்கிறாள்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது வந்த தீபாவளியன்றுதான் மாமாவுக்கு அந்த யோசனை தோன்றியது. பண்டிகை நாட்களில் அம்மா அங்கிருந்து எங்களுக்குப் போன் எடுப்பாள். அப்பா பேசி, நான் பேசி, அத்தை பேசுவதற்குள் நேரம் முடிந்துவிடும். 'போனைச் செட்டுல மாட்டிட்டா எல்லாருமே ஒண்ணாக் கேக்கலாமே மச்சான்' என்றார் மாமா. அப்பா தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்கிறவர், அதிகம் பேசமாட்டார். தலையை ஆட்டினார்.

மத்தியானம் காம்பரா நிறைந்துவிட்டது. இடம் கிடைக்காதவர்கள் வாசலில் நின்றார்கள். நான் புதுச்சட்டையோடு அம்ப்ளிபயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். என் அம்மா பேசப்போகிறாள், லயமே கேட்கப்போகிறது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன் அடித்தது. மாமா வயரைச் செருகினார்.

'என்னங்க, கேக்குதாங்க?'

ஐந்து பெட்டியிலிருந்தும் அம்மா பேசினாள். அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

'யாரு அது கைதட்டுறது? என் சத்தமே எனக்குத் திரும்பி வருதே!'

'லயமே இங்கதான் இருக்குக்கா' என்று மாமா கத்தினார்.

அம்மா சிரித்தாள். நான் சட்டையின் நிறத்தைச் சொன்னேன். 'சாப்டீங்களாம்மா?' என்று கேட்டேன்.

'சாப்டேன் கண்ணு. பிரியாணி.'

அப்போதுதான் அம்மாவின் குரலுக்குப் பின்னாலிருந்து வேறொரு பெண்ணின் குரல் கேட்டது. புரியாத பாஷை. கத்திக்கொண்டே கிட்ட வந்தது. இதுவரை போனைக் காதில் வைத்துக் கேட்டபோதெல்லாம் அது வெறும் இரைச்சலாகத்தான் வந்திருக்க வேண்டும்.

'அங்கயும் டிவி ஓடுது போல' என்றாள் அத்தை.

'ஆமாக்கா, டிவிதான்' என்றாள் அம்மா அவசரமாக.

பட்டென்று ஒரு சத்தம். அம்மாவின் பேச்சு அறுந்தது. ஏதோ உருண்டது. பிறகு மூச்சு மட்டும், காம்பரா முழுக்க. 'ஒண்ணுமில்லங்க' என்றாள், 'தட்டு விழுந்துருச்சு. பாப்பா, நல்லாப் படிக்கணும், என்ன?'

அப்பா எழுந்து வந்து வயரைப் பிடுங்கினார். பெட்டிகள் ஊமையாகிவிட்டன. போனைக் காதில் வைத்தபடி, யாரையும் பார்க்காமல், கொழுந்து பறிக்கும் மலைப் பக்கமாக நடந்தார். வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள்.

நான் அழுது புரண்டேன். என் முறை முடியவே இல்லை. அம்மாவின் குரலை லயத்தாரோடு பங்கு போட அப்பாவுக்கு மனமில்லை என்றுதான் நினைத்தேன். மாமா என்னைத் தூக்கிக்கொண்டார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். யோசனை தோற்றுப்போன கவலை என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

அதன் பிறகு அப்பா வேலைக்கு ஒழுங்காகப் போகவில்லை. மாமாவோடு ஹட்டனுக்குப் போனார், கொழும்புக்குப் போனார், அம்மாவை அனுப்பிய ஏஜென்சிக்காரனிடம் சண்டை பிடித்தார் என்று அத்தை சொன்னாள். என்னை விட்டுவிட்டு இருவரும் ஊர் சுற்றுகிறார்கள் என்று நான் கோபித்துக்கொண்டேன்.

தைப்பொங்கலுக்கு முன்பே அம்மா வந்துவிட்டாள். ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கியபோது தோளில் ஒரு சின்னப் பை மட்டும்தான். மெலிந்திருந்தாள். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. நானோ அவள் தோளுக்கு மேலால் எட்டி, சாமான் பெட்டியை யாராவது இறக்குகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

'பெட்டி எங்கம்மா?'

'வரல கண்ணு. நான் மட்டுந்தான் வந்தேன்.'

பஸ்ஸில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது, அப்பா அம்மாவின் கையை மடியில் வைத்து, சேலைத் தலைப்பை விலக்கி, முழங்கைவரை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், அவர் விடவில்லை.

அப்பாவுக்குக் கைரேகை பார்க்கத் தெரியும் என்று நான் அன்றுவரை அறிந்திருக்கவில்லை. எனக்கும் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தபடியே தூங்கிப்போனேன்.