முன் சக்கரத்தடியில் இரண்டு கல்

சேகர், அந்த வண்டியின் டீசலை நான் திருடவில்லை. வண்டி மாதாமாதம் நின்று போனதற்குக் காரணம் நீ. அது உனக்கு அப்போதே தெரியும்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி வருவது, இதைப் படிக்கிற உங்களுக்கு.

எங்கள் பழைய தொழிற்சாலை ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. என்னையும் சேகரையும் விட்டு நாற்பது பேர். காலை வணக்கம், முருகன் படம், யாருக்காவது முட்டி வலி என்றால் அதற்கு வைத்தியம், இவ்வளவுதான் அதில் வரும். போன வாரம் சேகர் அதில் ஒரு பழைய புகைப்படம் போட்டான். ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் நாங்கள் குடியிருந்த வேன். கீழே, ‘நம்ம டீசல் வாழ்ந்த அரண்மனை’ என்று எழுதியிருந்தான். நாற்பது பேரும் சிரித்தார்கள். டீசல் என்பது நான்தான். என் சொந்தப் பெயர் அந்தக் குழுவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

என் கல்யாணத்துக்கு அருப்புக்கோட்டை வரை பஸ் ஏறி வந்த அதே ஆட்கள், வண்ணத்தாள் சுற்றிய ஒரு பெட்டியை மேடையில் கொடுத்தார்கள். உள்ளே ஐந்து லிட்டர் கேன். மாமனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எண்ணெய்க்கா மாப்ளே?” என்றார். ஆமாம் என்றேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அதில்தான் நல்லெண்ணெய் இருக்கிறது. நல்ல கேன்.

வேனில் ஏன் குடியிருந்தோம் என்று கேட்பீர்கள். இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் ஓசூரில் கல்யாணமாகாதவனுக்கு வீடு கிடைக்காது. கதவைத் திறந்ததும் முதல் கேள்வி, “ஃபேமிலியா?” இல்லை என்றால் கதவு மூடிக்கொள்ளும். நான், ஓமலூர்க்காரன் சேகர், புதுக்கோட்டைத் துரை, மூன்று பேரும் இப்படிப் பதினேழு கதவு பார்த்தோம். கடைசியில் துரைதான் அந்த வேனைக் கண்டுபிடித்தான்.

அது சோப்புத்தூள் விளம்பரத்துக்காக ஊர் ஊராகப் போய் வந்த வண்டி. சட்டையைத் துவைத்துக் காட்டுவதற்கு உள்ளே ஒரு தொட்டி, குழாய். விளம்பர ஆட்கள் படுக்க மூன்று பலகை. சாமான் வைக்க அலமாரி. வெளியே ஒரு பெண் வெள்ளைச் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் முகம் வெயிலில் போய்விட்டது, சட்டை மட்டும் பளிச்சென்று இருந்தது. மழை பெய்தால் அலமாரிக்குள்ளிருந்து பழைய சோப்பு வாசம் கிளம்பும். இன்றைக்கும் யாராவது துணி ஊற வைத்தால் எனக்கு ஜூஜுவாடி ஞாபகம் வருகிறது. மற்றவர்களுக்கு அம்மா ஞாபகம் வருமாம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை ஓட்டிக்கொண்டு போனபோது பெண்கள் இலவசப் பாக்கெட் கேட்டு வழிமறித்தார்கள். இல்லை என்றதற்குத் துரையைத்தான் திட்டினார்கள். ஓட்டியவன் அவன்.

வண்டியை எல்லைக்குப் பக்கத்தில் ஒரு காலி மனையில் நிறுத்தியிருந்தோம். இந்தப் பக்கத்துப் போலீஸ்காரர் வந்து, “இங்க நிக்கக் கூடாதுப்பா” என்பார். அரைக் கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய்க் கர்நாடகத்தில் நிறுத்துவோம். இரண்டு மூன்று வாரத்தில் அந்தப் பக்கத்துக்காரர் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு, “தமிள்நாடு காடியா? தெகீரி, தெகீரி” என்று லத்தியால் தகரத்தில் தட்டுவார். எடுங்கள் என்று அர்த்தம். திரும்பவும் தமிழ்நாட்டுக்கு வருவோம். மாதத்துக்கு ஒருமுறை மாநிலம் மாறிக் குடியிருந்தவர்கள் நாங்கள். ஆகவே அந்த வண்டி மாதத்தில் ஓரிரு தடவை, அரைக் கிலோமீட்டர் ஓடினால் போதும். அதையும் அது ஒழுங்காகச் செய்யவில்லை.

கிளப்பினால் கிளம்பும். நின்ற இடத்திலேயே கொஞ்சம் உறுமும். இருமும். நின்றுவிடும். சேகர் போய் மெக்கானிக் முனிராஜுவைக் கூட்டிக்கொண்டு வருவான். முனிராஜு அந்த ஊர்க்காரர், தெலுங்கு வீட்டுக்காரர், தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் ஒரே மாதிரி சலித்துக்கொள்வார். “ஏர் புடிச்சிக்கிச்சி” என்பார். டீசல் போகிற குழாயில் காற்றுப் புகுந்துவிட்டதென்று அர்த்தம். வண்டியைச் சமதரைக்குத் தள்ளச் சொல்லி, பம்பின் தலையைக் கையால் அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றுவார். நுரை வந்து, நுரை அடங்கி, சுத்தமான டீசல் வந்ததும் திருகாணியை முடுக்குவார். வண்டி கிளம்பிவிடும். அடுத்த மாதம் மறுபடி அதே கதை. பம்பை இரண்டு தடவை மாற்றினோம். புதுப் பம்பும் பழைய பம்பு மாதிரியே நடந்துகொண்டது.

டீசல் வாங்கி ஊற்றுவது என் பொறுப்பு. வேலை விட்டு வரும் வழியில் பங்க் இருந்தது, என்னிடம் சைக்கிளும் இருந்தது. வேறு தகுதி எதுவும் பார்க்கவில்லை. டீசல் முள் வேலை செய்யாது. மூன்றாவது முறை வண்டி நின்றபோது துரை ஒரு கொய்யாக் குச்சியை ஒடித்து டேங்குக்குள் விட்டுப் பார்த்தான். காய்ந்த குச்சியாகவே திரும்பி வந்தது.

“நேத்துதானடா ஊத்துனே?”

“நேத்துதான் ஊத்துனேன். நீயும் பக்கத்துலதானே நின்னே.”

“அப்ப எங்க போச்சு?”

சேகர் பல் தேய்த்துக்கொண்டே சொன்னான்: “டேங்க் பக்கத்துல படுக்கறவன் யாரு?”

பின்பக்கம், கதவோரம் படுப்பவன் நான். டேங்க் எனக்கு நேர் கீழே. அன்றைக்கே ஒரு பூட்டு வாங்கி டேங்க் மூடியில் போட்டார்கள். சாவி சேகரிடம். அடுத்த மாதமும் குச்சி காய்ந்தே வந்தது. பூட்டு போட்டும் டீசல் போகிறதென்றால் திருட்டு இல்லை என்றல்லவா முடிவுக்கு வர வேண்டும்? இவர்கள் திருடன் கெட்டிக்காரன் என்று முடிவுக்கு வந்தார்கள்.

கடைசி நாள் காலை எட்டு மணி. மனைக்காரர் பூமி பூஜை போட ஐயரோடு வந்து நிற்கிறார். செங்கல், மஞ்சள், எலுமிச்சம்பழம் எல்லாம் தயார். அஸ்திவாரம் விழ வேண்டிய இடத்தில் நாங்கள் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். “ஒன்பதுக்குள்ள நல்ல நேரம் முடிஞ்சிரும்” என்றார். வண்டி இருமியது, நின்றது. துரை குச்சியை விட்டான். காய்ந்த குச்சி. டீக்கடையிலிருந்து எங்கள் ஷிப்ட் ஆட்களே பத்துப் பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். சேகர் அந்தக் குச்சியை வாங்கி அவர்கள் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான்.

“பாத்துக்கோங்க. அஞ்சு லிட்டரு. ஊத்தி ரெண்டு நாளு ஆவுல. வித்தியாடா, குடிச்சியாடா?”

“சேகரு, அம்மா மேல சத்தியமா…”

“உங்கம்மாவ ஏன்டா இழுக்கற? டீசலு எங்கன்னு சொல்லு.”

சிரித்தார்கள். ஐயரும் சிரித்தார். நான் சேகரை அடிக்கக் கையை ஓங்கினேன், துரை பிடித்துக்கொண்டான். பிறகு எல்லோரும் சேர்ந்து வண்டியைத் தள்ளினார்கள். நானும் தள்ளினேன், பெட்டி உள்ளே இருந்ததால். சாலைக்கு வந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அஞ்செட்டிக்காரர் ஒருவர் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து அறையைக் கொடுத்தார். அவர் ஃபேமிலியா என்று கேட்கவில்லை. தொழிற்சாலைக்குள் மறுநாள் போனபோது என் பெயர் மாறியிருந்தது.

இப்போது புகைப்படத்துக்கு வருகிறேன். படத்தை விரலால் பெரிதாக்கி என் பழைய படுக்கை தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. முன் சக்கரம் தெரிந்தது. அதன் அடியில் கல். அந்தப் பக்கச் சக்கரத்துக்கு அடியிலும் ஒரு கல். பின் சக்கரங்கள் தரையில். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

அந்தக் கற்களை எனக்கு நன்றாகத் தெரியும். நானே சுமந்தவை. எங்கே நிறுத்தினாலும் முன் சக்கரத்தைக் கல்லில் ஏற்றச் சொல்வான் சேகர். கூரை ஒழுகும். முன்பக்கம் தூக்கியிருந்தால் தண்ணீர் பின்னால் ஓடிவந்துவிடும். முன்பலகை சேகருடையது. பின்பலகையில் நான் குடை பிடித்துத் தூங்கியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜூஜுவாடிக்குப் போனேன். முனிராஜு, தன் மகனுடைய டயர்க் கடையில் உட்கார்ந்திருந்தார். போனை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“இந்தக் கல்லா? டேங்க்குக்கு வாயும் முன்னாடி, டீசல் உறிஞ்சற பைப்பும் முன்னாடி. மூக்கைத் தூக்கி வெச்சா டீசல் எல்லாம் பின்னாடி போயி படுத்துக்கும். குச்சியும் நனையாது, பம்பும் காத்தைத்தான் குடிக்கும். பம்பு மேல தப்பே இல்லப்பா.”

“இதை அப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே.”

“சொன்னேனே. ரெண்டாவது பம்பு மாத்தும்போதே சேகர் கிட்ட சொன்னேன். மழை முடியட்டும்ணா, எடுத்துடறோம்னான்.” என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ அங்க என்ன வேலை பாத்தே?”

மெஷின் அசெம்பிளி என்றேன். பகலெல்லாம் மெஷின்களின் அடிப்பாகத்தில் ரசமட்டம் வைத்து, குமிழி நடுக்கோட்டில் நிற்கும்வரை ஆணியைத் திருகுவது. முடி கனம் சாய்ந்தாலும் விடமாட்டேன்.

“நல்லா பாத்தே மட்டம்” என்றார் முனிராஜு.

அந்த மனையில் இப்போது நான்கு மாடி. கீழே கைப்பேசிக் கடை. முனிராஜுவின் ஷெட் இருந்த இடம் சாலையை அகலப்படுத்தியதில் போயிற்று. வண்டியைத் துண்டு துண்டாக வெட்டி விற்றுவிட்டார்களாம். சட்டை பிடித்த பெண் இருந்த தகரம் மட்டும் கொஞ்ச நாள் யாருடைய ஆட்டுப்பட்டிக்கோ கதவாக இருந்ததாகச் சொன்னார். துரை போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. அவன் என்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டே போனான். அதை இனி என்னால் மாற்ற முடியாது. குழுவில் மிச்சம் நாற்பது பேர் இருக்கிறார்கள்.

சேகர், தனியாகப் போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். யார் வீட்டுக் கல்யாணத்திலாவது பார்க்கும்போது தோளில் கை போட்டுப் பேசிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதே. கல்லை வைக்கச் சொன்னது யார், முனிராஜு யாரிடம் சொன்னார், தெரிந்த பிறகும் அந்தக் குச்சியைத் தூக்கிக் காட்டியது ஏன், இதற்குக் குழுவிலேயே பதில் எழுது. நீ போட்ட படத்துக்குக் கீழேயே எழுது. சிரித்த நாற்பது பேரும் படிக்கட்டும்.