மாதிரி வகுப்பின் மாணவர்

1990 செப்டம்பர் 12, புதன்கிழமை. வழக்கம்போல் தியாகதுருகத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து, கள்ளக்குறிச்சியில் நடந்த ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். அரசியலமைப்புச் சட்டத்தை எப்படிக் கற்பிப்பது என்பது பாடம். அன்றைய பத்திரிகை முழுக்க இட ஒதுக்கீட்டுக் கலவரம்.

கல்வராயன் மலைப் பள்ளி ஆசிரியை ஒருவர் எனக்கு அடுத்து உட்காருவார். ஒல்லியான உடம்பு, இறுக்கிப் போட்ட கொண்டை. பாடம் தொடங்குமுன் சாக்பீஸ் நுனியைச் சுவரில் தேய்த்துக் கூராக்குவார். திங்கட்கிழமை பயிற்சியாளர் அவரைப் பார்த்து, "சலுகையில வந்தவங்களுக்கு சட்டம்லாம் ஏறுமா இன்னா?" என்றார். பலர் சிரித்தார்கள்.

தினமும் எங்களில் ஒருவர் மற்றவர்களை மாணவராக்கி மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும்; புதன்கிழமை அந்த ஆசிரியையின் முறை. பயிற்சியாளரும் எங்களோடு மாணவராக உட்காருவார். முடிந்ததும் மார்க் போடுவதும் அவர்தான்.

ஆசிரியை அவரையே எழுப்பினார். "நீ எந்திரி. பதினாறாவது பிரிவு இன்னா சொல்லுது?"

"அரசு வேலையில எல்லாருக்கும் சம வாய்ப்பு."

"மீதி?"

"பின்தங்கினவங்களுக்கு இட ஒதுக்கீடு தரலாம்."

"அது சலுகையா, சட்டமா?"

"சட்டம்... டீச்சர்."

"கடைசி பெஞ்சுக்குக் கேக்கல. இன்னொரு தபா சொல்லு."

மணி அடிக்கும்வரை அவரை உட்காரச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும், "மார்க்கு அவரு கையில இருக்குதுங்க, இத்தோட வுட்டுடுங்க" என்றேன்.

"மார்க்க அவரே வெச்சிக்கட்டும் சார். எனக்கு இன்னும் ஆறல."

அவர் செய்தது நியாயமா, பழிவாங்கலா என்று இன்றும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக அந்த ஆசிரியை, மேடையில் கிடந்த பயிற்சியாளரின் நாற்காலியைத் தூக்கி வந்து மாணவர் வரிசையில் போட்டார்.