ஆறரையாம் எண் சுருள்

உள்ளரங்கில் கால்பந்தாடுவதற்கென ஒரு தொழில்முறைச் சங்கம் தொடங்கியவர்கள் எல்லாவற்றையும் யோசித்தார்கள். ஐஸ் ஹாக்கி அரங்கின் பனிக்கட்டிமேல் செயற்கைப் புல்தரையை யார் விரிப்பது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. டொலீடோ நகரத்தில் அந்த வேலை வெர்னா ஹ்ருஷ்காவின் தலையில் விழுந்தது.

பனிக்கட்டிமேல் பலகைகளை அடுக்க வேண்டும். அவற்றின்மேல் எண்ணிட்ட பதினொரு பச்சை விரிப்புச் சுருள்களைக் குறுக்குவாட்டில் வரிசையாக விரித்து, ஒட்டித் தைக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அத்தனையையும் பிரித்துச் சுருட்டி, ஹாக்கிக்காரர்களுக்கு வழிவிட வேண்டும். ஆறு குளிர்காலங்களாக இதே பாடு. ஆனால், அவர் போட்ட தையலில் தடுக்கி ஒருவனும் விழுந்ததில்லை. வெர்னாவுக்கு வேறு பெருமை எதுவும் இல்லை. இந்தப் பெருமையை இழக்கும் உத்தேசமும் இல்லை.

பத்து அணிகளுடன் தொடங்கிய சங்கம் நான்காகச் சுருங்கியிருந்தது. ஓர் அணி கலையும்போதெல்லாம் அதன் தட்டுமுட்டுகளை மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். டொலீடோ அணியின் முதலாளி டுவெய்ன் காஸ்பர், மெத்தைக் கடைக்காரர். தம் விரிப்பு நைந்துவிட்டதால், கலைந்துபோன அணி ஒன்றின் விரிப்பை அளந்து பார்க்காமலேயே வரவழைத்தார். சனிக்கிழமை காலையில் விரித்தபோது நடுவில் அந்த அணியின் சின்னமான கரடி பல்லைக் காட்டியது. விரிப்பு நீளத்தில் நான்கடி குறைந்தது.

மாலை ஏழு மணிக்கு ஆட்டம். ஆடாவிட்டால் அணி நீக்கப்படும்; மூன்று அணிகளை வைத்துக்கொண்டு சங்கம் நடக்காது. டுவெய்ன், ஒட்டுப்பலகைக்குப் பச்சை வண்ணம் பூசிக் ஒரு கோடியில் உள்ள கோலுக்கு முன்னால் போட்டுவிடச் சொன்னார்.

"கண்ணுக்கே தெரியாது, வெர்னாம்மா."

"கண்ணுக்குத் தெரியாது. முழங்காலுக்குத் தெரியும்," என்றார் வெர்னா. "உன் கடையில வந்து நான் மெத்தைக்குப் பதிலாப் பலகையைப் போட்டா ஒத்துக்குவியா?"

கோல் சுவரிலேயே பதிந்திருப்பதால் அதை முன்னால் நகர்த்தவும் வழியில்லை. வெர்னா முணுமுணுத்துக்கொண்டே, பழைய விரிப்பில் நையாத பகுதியாக நான்கடி அகலம் வெட்டியெடுத்தார். கோல்களிலிருந்து தள்ளி இருக்கட்டும் என்று, அதை ஆறாம் சுருளுக்கும் ஏழாம் சுருளுக்கும் இடையில் வைத்துத் தைத்தார். அதன் முதுகில் 'ஆறரை' என்று எழுதினார். மையம் இரண்டடி தள்ளிப்போனதால், ஆட்டம் தொடங்கும் புள்ளி கரடியின் காதில் விழுந்தது. வேறு யாருக்காவது காட்டிப் புலம்பக்கூட அவருக்கு நேரமில்லை. ஆறே முக்காலுக்கு நடுவர் வந்து, இரண்டு தையல்களையும் குதிகாலால் அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

ஆட்டம் முழுவதும் வெர்னா பந்தைப் பார்க்கவில்லை; தையல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். டொலீடோ ஏழுக்கு ஒன்பது என்று தோற்றது. ஒருவரும் தடுக்கி விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, டுவெய்ன் தொங்கிய முகத்துடன் வந்தார். மற்ற முதலாளிகளில் இரண்டு பேர் விலகிவிட்டார்களாம், சங்கம் கலைந்துவிட்டதாம்.

"இதைச் சொல்ல நேத்தே வாய் வரலையா அவங்களுக்கு? நாள் பூரா முட்டி தேய்ஞ்சது எனக்கு," என்றார் வெர்னா. பிறகு உதவியாட்கள் தாறுமாறாகச் சுருட்டுவதைக் கண்டு, அவர்களை நிறுத்தி, ஒன்றாம் எண்ணிலிருந்து மறுபடி சுருட்டச் சொன்னார்.

"விடுங்க, வெர்னாம்மா. இனிமே இதை யார் விரிக்கப்போறாங்க?"

"எவனோ ஒருத்தன் உன்னை மாதிரியே அளக்காம வாங்குவான்," என்றபடி ஆறரையாம் சுருளைக் கயிற்றால் இறுக்கினார் வெர்னா. "அவன் மாத்தி விரிச்சா, விழுறது அவன் இல்லையே."

டுவெய்ன் மேல்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, ஏழாம் சுருளின் ஒரு முனையைப் பிடித்தார்.

"அந்தப் பக்கமில்ல," என்றார் வெர்னா.