வெருளிக்குச் சிங்களத்தில் என்ன?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நிந்தவூருக்கு மேற்கே எங்கள் வயலில் பெரும்போக நெல் பால்பிடித்திருந்தது. கணவர் சவூதியில் வேலை செய்ததால் வயலை நான்தான் பார்த்தேன். "பொம்பிளையால ஏலாது" என்றவர்கள் முன்னால் விளைத்துக் காட்டியே தீருவது என்று பிடிவாதமாக இருந்தேன்.

குருவித் தொல்லை தாங்க முடியவில்லை. கணவரின் பழைய பச்சைச் சட்டையிலும் காற்சட்டையிலும் வைக்கோலைத் திணித்து, மண்சட்டியைத் தலையாக்கி, தோளில் ஒரு தடியும் சாய்த்து வயல் நடுவே வெருளி ஒன்றை நிறுத்தினேன். போர் நடந்த அந்தக் காலத்தில், தூரத்தில் இருந்து பார்த்தால் அது துப்பாக்கி ஏந்திய இயக்கக்காரன் போலத் தெரியும் என்று யோசிக்கவேயில்லை.

மறுநாள் காலை வரம்பில் நின்றேன். வெருளிக்குப் பின்னால், பக்கத்து வயல்காரரான காரைதீவு அண்ணன் வாய்க்காலில் இறங்கிப் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். ரோந்து வந்த இராணுவத்தினர் சட்டென்று குனிந்தார்கள். ஒருவர் துப்பாக்கியை வெருளிக்கு நேரே நீட்டி, "கவுத ஏ?" என்று கத்தினார். யாரது என்று கேட்கிறார் என்பது மட்டும் விளங்கியது.

"சேர், வெருளி! அது வெருளி!" என்றேன். "பொம்மை" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுட்டால் குண்டு வைக்கோலைத் துளைத்து அண்ணன் மேல்தான் பாயும். சத்தம் கேட்டு அவர் எழும்பப் பார்த்தார்.

"அண்ணன், எழும்பாதீங்க! அப்படியே கிடங்க!"

கைகளை உயர்த்திக்கொண்டு நெல்லுக்குள் இறங்கினேன். பின்னால் அதட்டினார்கள், நிற்கவில்லை. சட்டித் தலையைக் கழற்றிக் காட்டினேன். வைக்கோலை உருவி எறிந்தேன். கடைசியில் நானே கைகளை விரித்து வெருளியாக நின்றேன்.

ஒருவர் சிரித்துவிட்டார். "ஆ... பம்பயா!"

துப்பாக்கி தாழ்ந்தது. அண்ணனைக் காட்டி, அவரும் வயல்காரர்தான் என்று சைகையால் சொன்னேன். சேற்றோடு ஏறி வந்தவரின் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அண்ணன் வரம்பில் குந்திவிட்டார்.

"தங்கச்சி, அவன் என்னண்டு சொன்னான்?"

"பம்பயா."

அவர் அதை மெதுவாக இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

அந்த வாரமே கல்முனையில் சிங்களம் படிக்கும் புத்தகம் ஒன்று வாங்கினேன். கணவருக்கு நடந்ததை எழுதினேன். அரபியில் அதை 'ஃபஸ்ஸாஆ' என்பார்கள் என்று பதில் வந்தது. அதையும் மனப்பாடம் செய்தேன். அந்தப் போகம் நெல்லை வெட்டி வீடு சேர்த்தேன். அடுத்த போகத்துக்குள் சோதனைச் சாவடியில் நானே சிங்களத்தில் பதில் சொன்னேன். ஒரு சொல் தெரியாததால் ஒரு மனிதரை இழக்கப் பார்த்த நான், அதன் பிறகு எந்த மொழிக்காரர் முன்னாலும் 'தெரியாது' என்று வாய்மூடி நின்றதில்லை. வெட்கப்படாமல் கேட்டுப் படித்துக்கொள்கிறேன்.